எச்சரிக்கை வந்ததும் வாங்குவதை நிறுத்தினால் விவசாயிக்குத் துரோகமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு காயிலோ பழத்திலோ கிருமி, கலப்படம் என்று செய்தி வருகிறது, நாமெல்லாம் வாங்குவதை நிறுத்திவிடுகிறோம், கொஞ்ச நாளில் அது தப்பான செய்தி என்று தெரியவருகிறது, அதற்குள் விவசாயி நாசமாகிவிடுகிறார். இதில் தவறு வாங்காமல் விட்ட நம்முடையதா, உறுதியாகும் முன்பே அறிவித்த அரசினுடையதா? கூடவே, வீட்டில் வெந்தயம் முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடுகிறோம், அதை நிறுத்த வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஏதோ போகிற போக்கில் சேர்த்துக் கேட்டிருப்பீர்கள். ஆனால் இரண்டுக்கும் நீங்கள் நினைப்பதைவிட நெருங்கிய உறவு இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

நான் உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். அம்மா வழியில் எல்லோரும் விவசாயம். அதனால் இந்த விஷயத்தில் ஒரு பக்கம் மட்டும் நின்று பேச எனக்கு வராது. என் கருத்து இதுதான்: செய்தி வந்ததும் நீங்கள் நிறுத்தியது தவறே இல்லை. ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது முழு ஆதாரம் கைக்கு வரும்வரை அரசு வாயை மூடிக்கொண்டிருக்கவும் கூடாது. விவசாயியைச் சாய்ப்பது எச்சரிக்கையின் அகலம். கெட்டது ஏதோ ஒரு வயலில் ஒருநாள் அறுத்த சரக்காக இருக்கும், எச்சரிக்கையோ ஒரு நாட்டின் மொத்த விளைச்சல் மேல் விழும். கடையில் கிடக்கும் காய் எந்த வயலிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாததால்தான் அது அவ்வளவு அகலமாக விழுகிறது. 2011-இல் ஜெர்மனியில் நடந்ததைச் சொன்னால் இது தெளிவாகப் புரியும்.

அந்த வருடம் மே மாதத் தொடக்கத்திலேயே வட ஜெர்மனியில் பலருக்கு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வர ஆரம்பித்திருந்தது. நோய்ப் பரவலைக் கண்காணிக்கும் ஜெர்மன் அரசு அமைப்பான, பெர்லினில் இருக்கும் ராபர்ட் கோக் நிறுவனத்துக்கு விஷயம் போனது மே 19 அன்றுதான், ஹாம்பர்க்கில் மூன்று குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதித்திருக்கிறது என்று. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஒரு ரகம் காரணம், அதன் அடையாளப் பெயர் ஓ104:எச்4. ஈ.கோலை நம் எல்லோர் குடலிலும் இருக்கிறது, பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் செய்யாது. ஆனால் இந்த ரகம் ஷிகா நஞ்சு என்ற ஒன்றைச் சுரக்கும், அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சிறுநீரகத்தையும் செயலிழக்க வைத்துவிடும். பொதுவாக இந்த வகை நோய் சிறு குழந்தைகளைத்தான் பிடிக்கும். அந்த முறை பெரியவர்களைப் பிடித்தது, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். ஜூலை கடைசியில் எல்லாம் ஓய்ந்தபோது ஜெர்மனியில் மட்டும் 3,842 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள், 855 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கும் அந்தக் கடுமையான நிலை, 53 பேர் இறந்துபோனார்கள்.

இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு படிக்க வேண்டும். விவசாயிக்காகப் பேசுகிறவர்கள் பலர் இதை விட்டுவிட்டு நேராக வெள்ளரிக்காய்க்குப் போய்விடுகிறார்கள். மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இயந்திரத்துக்கு வரிசை நின்ற நாட்கள் அவை.

சரி, இந்த மாதிரி நேரத்தில் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நோயாளியிடம் போய், கடந்த பத்து நாளில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். கிருமி உள்ளே போய் நோய் தெரிய இந்த ரகத்துக்குச் சுமார் எட்டு நாள் ஆனது. அதற்கு மேல் மருத்துவரிடம் போக, மலப் பரிசோதனை நடக்க, மேலே தகவல் போக இன்னும் சில நாள். நீங்களே யோசித்துப் பாருங்கள், இரண்டு வாரத்துக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை மதியம் என்ன சாப்பிட்டீர்கள்? இட்லி சாம்பார் சாப்பிட்டேன் என்று வேண்டுமானால் சொல்வீர்கள். சாம்பார் மேல் தூவியிருந்த கொத்தமல்லி நினைவிருக்குமா? அந்த நோயாளிகளுக்கும் அதுதான் நடந்தது. தக்காளி, வெள்ளரிக்காய், சாலட் இலை என்றார்கள். ஆரோக்கியமாக இருந்தவர்களிடமும் அதையே கேட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், நோயாளிகள் இந்த மூன்றையும் அதிகமாகச் சாப்பிட்டிருந்தது தெரிந்தது. மே 25 அன்று ராபர்ட் கோக் நிறுவனம், வட ஜெர்மனியில் இந்த மூன்றையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று அறிவித்தது.

இந்த அறிவிப்பை நான் குறை சொல்லமாட்டேன். கையில் இருந்தது அந்தப் புள்ளிவிவரம் மட்டும்தான், நோயாளிகள் தினமும் கூடிக்கொண்டே போனார்கள், சொல்லாமல் இருந்திருந்தால் அதுதான் பெரிய குற்றம். அந்த அறிவிப்பு எந்த ஊரையும், எந்த விவசாயியையும் கைகாட்டவும் இல்லை. மறுநாள் நடந்ததுதான் வேறு. ஹாம்பர்க் நகரச் சுகாதாரத் துறை, சந்தையிலிருந்து எடுத்த வெள்ளரிக்காய்களில் நோய்க்கிருமி வகை ஈ.கோலை இருப்பதாக அறிவித்தது, அவற்றில் மூன்று ஸ்பெயினிலிருந்து வந்தவை என்றும் சொன்னது. உடனே செய்தி "ஸ்பெயின் வெள்ளரிக்காய்" என்று ஆகிவிட்டது.

ஆய்வகத்தில் இருந்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் பொய்த் தகவல் பரவியது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது சரியல்ல. அந்தக் காய்களில் கிருமி நிஜமாகவே இருந்தது. நஞ்சு சுரக்கும் ஈ.கோலை என்று முதல் பரிசோதனை காட்டும், அது சில நாளில் வந்துவிடும். ஆனால் இந்தக் குடும்பத்தில் எத்தனையோ ரகங்கள் இருக்கின்றன. நோயாளியின் உடலில் இருக்கும் ரகமும் காயில் இருக்கும் ரகமும் ஒன்றுதானா என்று பார்க்க அடுத்த கட்டப் பரிசோதனை வேண்டும், அதற்கு மேலும் சில நாள் ஆகும். மே 31 அன்று அந்த முடிவு வந்தது. இரண்டும் வேறு வேறு. காயில் இருந்தது இந்தச் சாவுகளுக்குக் காரணமான ரகம் இல்லை. கொலை நடந்த தெருவில் கத்தியோடு ஒருவன் பிடிபட்டான், கத்தி நிஜம், ஆனால் காயம் அந்தக் கத்தியால் ஆனதில்லை என்பது போல. ஐந்து நாள் பொறுத்திருந்தால் இந்தப் பெயர் வெளியே வந்திருக்காது. பொதுவான எச்சரிக்கைதான் ஏற்கெனவே ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதே, வெள்ளரிக்காயை யாரும் சாப்பிடப்போவதில்லை, நாட்டின் பெயரைச் சொல்லி எந்த நோயாளியையும் கூடுதலாகக் காப்பாற்றியிருக்க முடியாது. அந்த ஒரு நாள் அவசரத்தைத்தான் நான் தவறு என்பேன்.

அந்த ஐந்து நாளில் என்ன ஆனது என்று பாருங்கள். ஸ்பெயினின் தெற்கே அல்மேரியா என்று ஒரு மாகாணம். ஏறக்குறைய 30,000 ஹெக்டேருக்குப் பிளாஸ்டிக் கூரை போட்டு அதன் கீழே காய்கறி விளைவிக்கிறார்கள், விமானத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கடல் போலத் தெரியும். ஐரோப்பாவின் குளிர்காலச் சமையலறை என்றே சொல்லலாம். ஏற்றுமதி நின்றது. பறித்த காயைக் கால்நடைக்குப் போட்டார்கள், மீதியைக் குப்பையில் கொட்டினார்கள். வாரத்துக்கு 20 கோடி யூரோ இழப்பு என்று ஸ்பெயின் ஏற்றுமதியாளர்கள் கணக்குச் சொன்னார்கள். அங்கே காய் பறிப்பதும் பெட்டியில் அடுக்குவதும் பெரும்பாலும் மொராக்கோவிலிருந்தும் மற்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்த கூலியாட்கள். லாரி போகவில்லை என்றால் அவர்களுக்கு அன்றைய வேலை இல்லை. இழப்பீட்டுக் கணக்கு போடும்போது இவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை, இதை யாரும் பேசுவதும் இல்லை.

ஸ்பெயினோடும் நிற்கவில்லை. நெதர்லாந்தின் பசுமைக்குடில் விவசாயிகள் தங்கள் வெள்ளரிக்காயில் பெரும்பகுதியை ஜெர்மனிக்குத்தான் அனுப்புவார்கள், அவர்களும் விழுந்தார்கள். ஜெர்மன் விவசாயிகளே தங்கள் சாலட் வயல்களை உழுது மடித்தார்கள். ஜூன் 2 அன்று ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலிருந்தும் பச்சைக் காய்கறி வேண்டாம் என்று தடை போட்டது. கிருமி ரகம் பொருந்தவில்லை என்ற முடிவு வந்து இரண்டு நாள் கழித்து இந்தத் தடை! மறுப்பு எப்போதும் குற்றச்சாட்டைவிட மெதுவாகத்தான் நடக்கிறது. ஸ்பெயின் அரசியல்வாதிகள் கேமரா முன்னால் வெள்ளரிக்காயைக் கடித்துக் காட்டினார்கள், ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஒரு ஸ்பானிய உறுப்பினர் வெள்ளரிக்காயைக் கையில் தூக்கிப் பிடித்துப் பேசினார்.

பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ ஒதுக்கியது. வெள்ளரி, தக்காளி, சாலட் இலை, சீமைச் சுரைக்காய், குடைமிளகாய் என்று ஐந்து பொருளுக்கு, அடிப்படை விலையில் பாதி வரை. பாதி விலை என்பது பலருக்கு உரத்துக்கும் கூலிக்கும் கூடக் கட்டாது என்பது விவசாயம் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஆனாலும் சில வாரத்துக்குள் ஒரு தொகையை ஒதுக்கி, யார் யாருக்கு எப்படி என்று விதியும் போட்டார்கள் பாருங்கள், அதை நான் மதிக்கிறேன். நம் ஊரில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, கெட்ட உணவால் பாதிக்கப்பட்ட நுகர்வோருக்கு இழப்பீடு பற்றிப் பேசுகிறது, இறப்பு என்றால் குறைந்தது 5 லட்சம் ரூபாய். தப்பான சந்தேகத்தால் விளைச்சலைத் தரையில் கொட்டியவருக்கு அதில் எதுவும் இல்லை.

உண்மையான காரணம் எப்படி வெளியே வந்தது என்பது எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த பகுதி. ஆய்வாளர்கள் நோயாளியின் ஞாபகத்தை நம்புவதை விட்டுவிட்டார்கள். வட ஜெர்மனியில் ஒரு உணவகத்தில் குழுவாகச் சாப்பிட்டவர்களில் பலருக்கு நோய் வந்திருந்தது. யார் எந்த உணவு கேட்டார்கள் என்பதை ரசீதிலிருந்தும், அன்றைக்கு எடுத்த புகைப்படங்களிலிருந்தும் எடுத்தார்கள். பிறகு நேராகச் சமையல்காரரிடம் போய், ஒவ்வொரு தட்டிலும் என்னென்ன போடுவீர்கள், எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். தட்டின் மேல் அலங்காரமாகத் தூவும் முளைகட்டிய தானியம் அங்கே அகப்பட்டது. முளைகட்டியதைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 14 மடங்கு. முன்பு பேட்டி கண்ட நோயாளிகளில் நான்கில் ஒருவர்தான் முளைகட்டியதைச் சாப்பிட்டதாகச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் சாப்பிட்டிருந்தும் மறந்துபோயிருந்தார்கள். வெள்ளரியும் தக்காளியும் புள்ளிவிவரத்தில் மாட்டியது, அதே சாலட் தட்டில் பக்கத்தில் இருந்ததால்தான். சாலட் விரும்பிச் சாப்பிடும் பெண்கள் ஏன் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இன்னொரு பக்கம் உணவு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடியவர்களும் லோயர் சாக்சனி மாநிலத்தில் பீனன்பியூட்டல் என்ற சிற்றூரில் இருந்த ஒரு முளைப்பயிர்ப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள். ஜூன் 10 அன்று வெள்ளரி, தக்காளி, சாலட் மீதான எச்சரிக்கை விலக்கப்பட்டது. மே 25 முதல் ஜூன் 10 வரை, பதினாறு நாள். பறித்த வெள்ளரிக்காய் பதினாறு நாள் காத்திருக்காது.

அந்தப் பண்ணையின் மேலும் பழி போட முடியாது. அதே ஜூன் மாதம் பிரான்சில் போர்தோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிகழ்ச்சியில் சாப்பிட்டவர்களுக்கும் அதே ரகக் கிருமி வந்தது. அங்கே பரிமாறிய முளை ஜெர்மன் பண்ணையிலிருந்து வந்ததில்லை, விதை வாங்கி அங்கேயே முளைகட்டியது. இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடியதில், எகிப்திலிருந்து 2009 கடைசியில் கப்பலேறிய 15 டன் விதையில் போய் நின்றது. என்ன விதை தெரியுமா? வெந்தயம். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே வெந்தயம். மிச்சமிருந்த விதையைப் பலமுறை பரிசோதித்தும் கிருமி அகப்படவில்லை, எங்கே எப்படி அது ஒட்டிக்கொண்டது என்பது கடைசிவரை தெரியவில்லை. விதையின் தடத்தை வைத்துத்தான் முடிவுக்கு வந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, ஜெர்மனிக்காரர்கள் சொதப்பிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். 2008-இல் அமெரிக்காவில் இதேதான். சால்மொனெல்லா கிருமியால் 1,400 பேருக்கு மேல் பாதிப்பு. ஜூன் மாதம் தக்காளி என்றார்கள், நாடு முழுக்கச் சில வகைத் தக்காளியை ஹோட்டல்கள் தூக்கிப்போட்டன. கடைசியில் ஜூலையில் கிருமி அகப்பட்டது மெக்சிகோவிலிருந்து வந்த மிளகாயில், அங்கே ஒரு பண்ணையின் பாசன நீரிலும். தக்காளியும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைக்கும் சால்சா என்ற துவையலைப் பலரும் சாப்பிட்டிருந்தார்கள், மிளகாயை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்? தக்காளி விவசாயிகளுக்கு நஷ்டம் 10 கோடி டாலருக்கு மேல் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொன்னார்கள்.

ஜப்பானில் 1996-இல் சகாய் நகரப் பள்ளிக்கூட மதிய உணவால் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு ஈ.கோலை வந்தது. முள்ளங்கி முளையாக இருக்கக்கூடும் என்று சுகாதார அமைச்சகம் அறிவித்ததும் நாடு முழுக்க முள்ளங்கி முளை விற்பனை படுத்துவிட்டது. அப்போதைய சுகாதார அமைச்சர் நவோதோ கான், பின்னாளில் பிரதமரானவர், கேமரா முன்னால் அதைச் சாப்பிட்டுக் காட்டினார். விவசாயிகள் அதோடு விடவில்லை, அரசு மேல் வழக்குப் போட்டார்கள், 2004-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள். எட்டு வருடம் கழித்துக் கிடைத்த அந்தத் தீர்ப்பு எத்தனை பேரைத் திரும்ப எழுப்பியிருக்கும் என்று தெரியாது, ஆனால் அறிவிப்பின் விளைவுக்கு அறிவித்தவரும் பொறுப்பு என்று ஒரு நீதிமன்றம் சொன்னது பெரிய விஷயம்.

அகலம் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். 2006-இல் அமெரிக்காவில் பொட்டலத்தில் வரும் பசலைக் கீரையால் ஈ.கோலை பரவி ஆட்கள் இறந்தார்கள். பொட்டலக் கீரையையே தொடாதீர்கள் என்று நாடு முழுக்க அறிவிப்பு. விசாரணை முடிவில் அது கலிபோர்னியாவில் ஒரு வயல், ஆகஸ்ட் 15 என்ற ஒரே நாளில் பொட்டலம் கட்டிய சரக்கு. 2018 நவம்பர் 20 அன்று, அவர்களுடைய நன்றி கூறும் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், ரொமைன் என்ற சாலட் கீரையை யாரும் சாப்பிட வேண்டாம், கடைக்காரர் விற்க வேண்டாம் என்று மறுபடியும் மொத்தமாக ஒரு அறிவிப்பு வந்தது. இந்த முறை ஆறே நாளில், கலிபோர்னியாவின் மத்திய, வடக்குப் பகுதிகளில் விளைந்ததை மட்டும் தவிர்த்தால் போதும் என்று சுருக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பொட்டலத்தின் மேலேயே எந்த வட்டாரத்தில் விளைந்தது, எப்போது அறுத்தது என்று அச்சடிக்க ஆரம்பித்தார்கள். பிறகு ஒரு பண்ணையின் நீர்த்தேக்கம் வரை போய்க் கண்டுபிடித்தார்கள். அந்தச் சீட்டு ஒன்று இருந்தால் பக்கத்து மாநிலமான அரிசோனாவின் விவசாயி, "என்னுடையது அது இல்லை" என்று காட்டலாம், வாங்குகிறவரும் பார்த்து எடுக்கலாம். கெட்ட விவசாயியைப் பிடிப்பதற்காகத்தான் இந்த வேலை என்று நம் ஆட்கள் பயப்படுகிறார்கள், உண்மையில் நல்ல விவசாயியைக் காப்பாற்ற அவர் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

நம் ஊருக்கு வருவோம், நீங்கள் கேட்டதும் அதை மனதில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன். 2025 கோடையில் தமிழ்நாட்டில் தர்பூசணியில் சிவப்புச் சாயம் ஊசி போட்டு ஏற்றுகிறார்கள் என்று பரவியது. சீசன் உச்சத்தில் விலை விழுந்தது, விவசாயிகள் தெருவுக்கு வந்து போராட வேண்டியதானது. என் மாமா திண்டிவனம் பக்கம் இரண்டு ஏக்கர் போட்டிருந்தார். முன்பணம் கொடுத்து வயலோடு பேசி வைத்திருந்த வியாபாரி, "மாமா, சென்னையில பழம் நகரல, கொஞ்சம் பொறுங்க" என்று போனில் சொன்னவர், அப்புறம் போனையே எடுக்கவில்லை. தர்பூசணி பழுத்துவிட்டால் கொடியில் ஒரு வாரம் நிற்காது, உள்ளே கூழாகிவிடும். கடைசியில் வந்த விலைக்குக் கொஞ்சம் தள்ளிவிட்டு மீதியை ஆட்டுக்கு விட்டார். வட்டிக்கு வாங்கிய பணம். அவர் அதைப் பற்றிக் கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது, அடுத்த வருடம் என்ன போடலாம் என்று என்னிடம் கேட்டார்.

ஜெர்மனி சம்பவத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அங்கே நோயாளிகள் இருந்தார்கள், காரணம் தெரியாமல் தேடினார்கள். இங்கே தர்பூசணி சாப்பிட்டுச் சாயத்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் யார்? நோயாளியே இல்லாமல் ஒரு எச்சரிக்கை. அதோடு ஊசி போடும் கதையே நடைமுறைக்கு ஒத்துவராது. ஊசி குத்திய ஓட்டை வழியாகக் காற்றும் கிருமியும் உள்ளே போய், வெயிலில் லாரியில் வரும் பழம் சீக்கிரமே புளித்துப்போகும். உள்ளே இருப்பது கெட்டியான சதை, ஒரு இடத்தில் விட்ட சாயம் பழம் முழுக்கச் சமமாகப் பரவாது. சீசனில் கிலோ பத்து ரூபாய்க்குப் போகும் பழத்துக்கு ஒவ்வொன்றாக ஊசி போட எந்த வியாபாரி ஆள் வைப்பார்? டிஷ்யூ காகிதத்தால் துடைத்தால் சிவப்பு ஒட்டுகிறது என்று காட்டினார்கள், சாறு பட்டால் நல்ல பழத்திலும் லேசாகச் சிவப்பு ஒட்டத்தான் செய்யும். அடர்ந்து மை மாதிரி ஒட்டினால் சந்தேகப்படலாம், அதற்கும் ஆய்வகப் பரிசோதனைதான் முடிவு சொல்லும். சாயம் கலந்தவர் யாராவது இருந்திருந்தால் அவர் பழத்தை வெட்டித் துண்டு போட்டு விற்கும் இடத்தில் இருந்திருக்கலாம், வயலில் அல்ல. எந்தப் பழம், எந்தக் கடை, எந்த மாதிரி, என்ன முடிவு என்று சொல்லாமல் "தர்பூசணி" என்று மட்டும் சொன்னதால் அடி விழுப்புரம் வரை போய் விழுந்தது.

அதனால் அடுத்த முறை செய்தி வரும்போது நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். முதலில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பார்ப்பேன். எத்தனை பேர், எந்த ஊர், எந்த நாளிலிருந்து என்று ஒரு சுகாதாரத் துறை சொன்னால் மறுபேச்சு இல்லாமல் அந்தப் பொருளைச் சில நாள் நிறுத்திவிடுவேன், அதற்காக எந்த விவசாயியிடமும் குற்றவுணர்ச்சி கொள்ளமாட்டேன். நோயாளியே இல்லாமல் வீடியோ மட்டும் சுற்றினால் வழக்கம்போல வாங்குவேன். அடுத்து, எச்சரிக்கை பச்சையாகச் சாப்பிடுவதைப் பற்றியதா என்று கவனிப்பேன். 2011-இல் சொன்னதும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்றுதான். கிருமி விஷயத்தில் நன்றாக வேகவைத்தால் போதும், நம் சமையலில் அது பெரிய பாதுகாப்பு. சாயம், பூச்சிமருந்து, ரசாயனம் என்றால் கொதிக்க வைத்தும் பயன் இல்லை, அது வேறு கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், தேவையான இடத்தில் பயப்படாமலும் இருக்கிறார்கள்.

அப்புறம், இதை யாரும் செய்வதில்லை, எச்சரிக்கை விலகியதா என்று தேடிப் பார்ப்பேன். நிறுத்தச் சொன்ன செய்தி முதல் பக்கத்தில் வரும், வாங்கலாம் என்ற செய்தி உள்ளே எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். தெரிந்துகொண்டால் முதல் ஆளாகப் போய் வாங்குங்கள், வீட்டுக் குழுவில் எச்சரிக்கையை அனுப்பியவர் நீங்கள் என்றால் விலகிய செய்தியையும் நீங்களே அனுப்புங்கள். அந்த இரண்டு வாரத்தில்தான் ஒரு சீசன் போய்விடுகிறது.

விவசாயிகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும், மாமாவிடமும் சொன்னேன். எந்த வயல், எந்தத் தேதியில் பறித்தது, யாருக்குக் கொடுத்தது, எந்தத் தண்ணீர் பாய்ச்சியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உற்பத்தியாளர் குழுவாக இருந்தால் சீசனுக்கு ஒருமுறை தண்ணீரையும் விளைச்சலையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தனி ஒருவருக்கு அந்தச் செலவு பாரம்தான், இருபது பேர் சேர்ந்தால் முடியும். கோயம்பேட்டுக்குப் போய்க் குவியலில் கலந்த பிறகு உங்கள் பழத்துக்குப் பெயர் இல்லை, குவியலில் ஒன்றைச் சந்தேகித்தால் எல்லாமே சந்தேகம்தான். நோட்டு ஒன்று மட்டும் இதை மாற்றிவிடாது, சந்தையும் அரசும் அந்தத் தகவலைக் கேட்டு வாங்கிக் கூடையோடு அனுப்ப வேண்டும். அதற்குக் குரல் கொடுப்பதில் வாங்குகிறவர்களுக்கும் பங்கு இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தகவல் இல்லாததால் நாமும்தான் நல்ல பழத்தை இழக்கிறோம்.

இனி உங்கள் வெந்தயம். தாளிக்கிற வெந்தயம், ஊறவைத்து இட்லி மாவில் அரைக்கிற வெந்தயம், இதிலெல்லாம் பயப்பட ஒன்றும் இல்லை, சூடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். முளைகட்டுவது மட்டும்தான் வேறு. ஈரம், இளஞ்சூடு, இரண்டு மூன்று நாள் அவகாசம், இது விதைக்கு மட்டுமல்ல, விதையின் வெடிப்பில் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவுக்கும் பெருக ஏற்ற இடம். நன்றாக அலசுவதாலும் தண்ணீரை மாற்றுவதாலும் அது முழுவதும் போய்விடாது. வீட்டில் செய்வதால் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது, கிருமி வருவது விதையோடு. பாசிப்பயறுக்கும் இதுவேதான். ஆரோக்கியமான பெரியவர்கள் எப்போதாவது பச்சையாகச் சாப்பிடுவதை நான் தடுக்கமாட்டேன், ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், சர்க்கரை நோயோ சிறுநீரகப் பிரச்சினையோ உள்ளவர்கள் பச்சை முளையைத் தொட வேண்டாம். மற்றவர்களும் ஆவியில் நன்றாக வேகவைத்துவிட்டு, கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும் தேங்காய்த் துருவலும் போட்டுச் சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் 2011-க்குப் பிறகு அப்படித்தான்.